உரிமம் வேறு, விசா வேறு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்காவில் செவிலியர் வேலைவாய்ப்பு குறித்துச் சென்ற ஞாயிறன்று தங்கள் நாளிதழில் வெளியான கட்டுரையைப் படித்தேன். வெளிநாட்டில் செவிலியர் படிப்பை முடித்த ஒருவர் ‘என்கிளெக்ஸ்’ என்னும் செவிலியர் உரிமத் தேர்வில் தேறிவிட்டால் அமெரிக்க மருத்துவமனையில் வேலைக்குச் சேர்ந்துவிடலாம் என்று அதில் ஒரு வாக்கியம் இருந்தது. அந்த ஒரு வாக்கியத்தை நம்பிக் கடன் வாங்கியவர்களை நான் நேரில் அறிவேன் என்பதால்தான் இதை எழுதுகிறேன். இந்தியாவில் படித்துவிட்டு 2013-ஆம் ஆண்டு இங்கு வந்து, உரிமம் பெற்று, இன்றுவரை மருத்துவமனைப் பொதுப் பிரிவில் பணியாற்றும் செவிலியர் நான். இந்தப் பாதையில் நான் தடுக்கி விழுந்த இடங்களும் உண்டு. அவற்றையும் மறைக்காமல் சொல்கிறேன்.

முதலில் தெளிவாக வேண்டியது, அமெரிக்கா முழுமைக்குமான செவிலியர் உரிமம் என்று ஒன்று கிடையாது என்பது. ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனிச் செவிலியர் வாரியம் உண்டு. உரிமத்தை அதுதான் வழங்குகிறது. தேர்வு மட்டும் நாடு முழுவதற்கும் ஒன்றே. ஆகவே பாடநூலைத் திறப்பதற்கு முன்பே எந்த மாநிலத்தில் விண்ணப்பிப்பது என்று முடிவு செய்தாக வேண்டும். வெளிநாட்டுக் கல்வியை யார் மதிப்பிட வேண்டும், ஆங்கிலத் தேர்வு வேண்டுமா, சமூகப் பாதுகாப்பு எண் (அமெரிக்க அரசு தனிநபருக்குத் தரும் அடையாள எண்) இல்லாதவருக்கு உரிமம் தருவார்களா என்பவை எல்லாம் மாநிலத்துக்கு மாநிலம் மாறுகின்றன. உறவினர் ஒருவர் வசிக்கிறார் என்ற ஒரே காரணத்துக்காக நான் ஒரு மாநிலத்தைத் தேர்ந்தெடுத்தேன். தேர்வில் தேறிய பிறகுதான், சமூகப் பாதுகாப்பு எண் இல்லாமல் அங்கே உரிமம் கைக்கு வராது என்று தெரிந்தது. அந்த விதி விண்ணப்பப் படிவத்தின் வழிகாட்டிக் குறிப்பிலேயே அச்சாகி இருந்தது. படிக்காதது என் பிழை. வேறொரு மாநிலத்தில் புதிதாக விண்ணப்பித்து, எல்லா ஆவணங்களையும் மறுபடி தருவித்து முடிக்கையில் ஓராண்டு கழிந்திருந்தது.

அடுத்தது கல்வி மதிப்பீடு. பல மாநில வாரியங்கள், வெளிநாட்டுப் படிப்பைத் தாமே ஆராயாமல் அதற்கென உள்ள மதிப்பீட்டு அமைப்புகளிடம் விடுகின்றன. அவற்றுள் மூத்தது, 1977-இல் தொடங்கப்பட்டு, சி.ஜி.எஃப்.என்.எஸ். என்ற பெயரில் நெடுங்காலம் அறியப்பட்டு, 2025-இல் ட்ரூமெரிட் என்று பெயர் மாற்றிக்கொண்ட பிலடெல்பியா நிறுவனம். பெரியவர்களுக்கான மருத்துவ மற்றும் அறுவைச் சிகிச்சைச் செவிலியம், தாய்சேய் நலம், குழந்தை நலம், மனநலம் ஆகிய ஒவ்வொன்றிலும் வகுப்பறையில் எத்தனை மணி நேரம், நோயாளியின் படுக்கையருகே எத்தனை மணி நேரம் என்று அவர்கள் பார்ப்பார்கள். மொத்த மதிப்பெண் எவ்வளவு என்பதைவிட இந்த மணிக்கணக்குதான் அவர்களுக்கு முக்கியம். ஏதேனும் ஒரு துறையில் குறைவு தென்பட்டால் அந்தப் பாடத்தை மட்டும் மீண்டும் படித்து வரச் சொல்லும் மாநிலங்களும் உண்டு.

இந்த ஆவணங்களை நாம் கையால் கொண்டுபோய்க் கொடுக்க முடியாது. படித்த கல்லூரியோ பல்கலைக்கழகமோ பாடவேளைப் பட்டியலையும், பதிவு செய்த செவிலியர் மன்றம் பதிவுச் சரிபார்ப்பையும், மதிப்பீட்டு நிறுவனத்துக்கு நேரடியாக அனுப்ப வேண்டும். தேர்வுக்கு ஆகும் காலத்தைவிட இதற்கு ஆகும் காலமே பலருக்கு அதிகம். கல்லூரி மூடப்பட்டிருக்கும், அல்லது பழைய பதிவேட்டைத் தேடி எடுக்க ஆள் இருக்காது. அனுப்பினோம் என்பார்கள் கல்லூரியில். வரவில்லை என்பார்கள் மதிப்பீட்டு நிறுவனத்தில். இதில் தமிழர்களுக்கென்றே ஒரு தனித் தொல்லை உண்டு. பள்ளிச் சான்றிதழில் ‘க. செல்வி’, மன்றப் பதிவில் ‘செல்வி கந்தசாமி’, திருமணத்துக்குப் பிறகு எடுத்த பாஸ்போர்ட்டில் ‘செல்வி முருகன்’ என்று ஒரே பெண் மூன்று பேராக நிற்பாள். தந்தையின் பெயர் தலையெழுத்தாக முன்னால் நிற்பது நமக்கு இயல்பு. அமெரிக்கக் கணினிக்கு அது புரியாது. தேர்வு அனுமதிக் கடிதத்தில் உள்ள பெயரும் தேர்வறையில் காட்டும் அடையாள ஆவணத்தில் உள்ள பெயரும் ஒன்றாக இல்லாவிட்டால் உள்ளே விடமாட்டார்கள். கட்டிய பணமும் போய்விடும். எனவே விண்ணப்பிக்கும் முன்பே பெயரைச் சீராக்கிக்கொள்வது, அல்லது பெயர் மாற்றத்துக்கான சட்டபூர்வச் சான்றைத் தயாராக வைத்துக்கொள்வது நல்லது.

இனித் தேர்வு. கட்டணம் 200 டாலர். அமெரிக்காவுக்கு வெளியே எழுதுவோர் இடம் பதிவு செய்ய மேலும் 150 டாலரும் அதற்கான வரியும் செலுத்த வேண்டும். மாநில வாரியத்தின் விண்ணப்பக் கட்டணமும் கல்வி மதிப்பீட்டுக் கட்டணமும் இவற்றில் சேராதவை. 1994 முதல் இது கணினியில்தான் நடக்கிறது. நாம் தரும் விடையைப் பொறுத்து அடுத்த கேள்வியின் கடினம் கூடும் அல்லது குறையும். 2023 ஏப்ரலில் வடிவம் மாற்றப்பட்ட பிறகு, குறைந்தது 85, அதிகமாக 150 கேள்விகள். மொத்த அவகாசம் ஐந்து மணி நேரம். 85-ஆவது கேள்வியோடு கணினி நின்றுவிட்டால் தேர்ச்சி உறுதி என்று ஒரு நம்பிக்கை நம்மவர்களிடையே ஆழமாகப் பரவியிருக்கிறது. அது வெறும் நம்பிக்கைதான். தேறுவார் என்பதில் ஐயம் தீர்ந்தாலும் நிற்கும், தேறமாட்டார் என்பதில் ஐயம் தீர்ந்தாலும் நிற்கும். தவறினால் குறைந்தது 45 நாள் காத்திருந்து மீண்டும் எழுதலாம். எத்தனை முறை, எத்தனை ஆண்டுக்குள் என்பதில் சில மாநிலங்கள் கூடுதல் கண்டிப்பு காட்டுகின்றன.

நன்றாகப் படித்தவர்கள், பத்தாண்டு தீவிர சிகிச்சைப் பிரிவில் நின்றவர்கள் கூட இதில் ஏன் தவறுகிறார்கள் என்று பலமுறை யோசித்திருக்கிறேன். அவர்களிடம் அறிவுக் குறைவு இல்லை. தேர்வு எதிர்பார்க்கும் செவிலியரின் இடம்தான் வேறு. நான்கு நோயாளிகளைச் சொல்லி, முதலில் யாரைப் போய்ப் பார்ப்பீர்கள் என்று கேட்பார்கள். எந்த வேலையை உதவியாளரிடம் ஒப்படைக்கலாம், எதை ஒப்படைக்கக் கூடாது என்று கேட்பார்கள். மருத்துவர் எழுதிய மருந்தின் அளவு ஐயத்துக்குரியதாக இருந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்பார்கள். மருத்துவர் சொன்னதை அப்படியே செய்து பழகியவருக்குக் கை தானாக ‘மருந்தைக் கொடுப்பேன்’ என்ற விடைக்குப் போகும். அங்கே சரியான விடை, மருந்தை நிறுத்தி வைத்துவிட்டு மருத்துவரிடம் கேட்டுத் தெளிவு பெறுவது. புதிய வடிவத்தில், ஒரே நோயாளியின் குறிப்பேட்டைக் காட்டி அடுக்கடுக்காக ஆறு கேள்விகள் கேட்கும் பகுதிகளும் உண்டு. நோயாளியின் நிலை மாறுவதைக் கண்டுபிடித்து, காரணத்தை ஊகித்து, செயல்பட்டு, பலனைப் பார்க்கும் வரிசையை அவை சோதிக்கின்றன. குறிப்புகளை மனப்பாடம் செய்து இதைக் கடக்க முடியாது. விலை உயர்ந்த பயிற்சி மையங்களில் சிலவும் மனப்பாடத்தைத்தான் விற்கின்றன.

தேறினால் கிடைப்பது ஒரு மாநிலத்தின் உரிமம். நாற்பதுக்கும் மேற்பட்ட மாநிலங்கள் சேர்ந்துள்ள உரிம உடன்படிக்கையின்படி ஒரே உரிமத்தோடு பல மாநிலங்களில் பணியாற்ற முடியும் என்பது உண்மையே. ஆனால் அந்தப் பல மாநில உரிமம், உறுப்பு மாநிலம் ஒன்றில் நிலையாக வசிப்பவருக்கு மட்டும் உரியது. கலிபோர்னியாவும் நியூயார்க்கும் அந்த உடன்படிக்கையில் இல்லை.

தங்கள் கட்டுரை விட்டுவிட்ட பகுதி இதற்குப் பின்புதான் தொடங்குகிறது. உரிமம் மாநிலத்தின் கையில் இருக்கிறது. நாட்டுக்குள் வந்து வேலை செய்யும் அனுமதி கூட்டாட்சி அரசின் கையில் இருக்கிறது. பொதுவான செவிலியர் வேலைக்கு எச்-1பி என்னும் தற்காலிகப் பணி விசா பெரும்பாலும் பொருந்தாது. பட்டப்படிப்பைக் கட்டாயமாகக் கோரும் சிறப்புப் பணி என்று அதைக் காட்டுவது கடினம். எஞ்சியிருப்பது, மருத்துவமனை ஒன்று முன்வந்து மனுச் செய்ய, இ.பி.-3 என்னும் வேலைவாய்ப்புக் குடியேற்றப் பிரிவில் கிரீன் கார்டு (நிரந்தர வசிப்புரிமை) பெற்று வருவது. செவிலியர் தொழில் ஆள்பற்றாக்குறை உள்ள ‘அட்டவணை ஏ’ தொழில்களில் ஒன்று என்பதால், உள்ளூர் ஆட்களைத் தேடிப் பார்த்துவிட்டோம் என்று நிரூபிக்கும் படி இதற்கு இல்லை. அது பெரிய சலுகைதான். ஆனால் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,40,000 வேலைவாய்ப்புக் குடியேற்ற விசாக்களில் எந்த ஒரு நாட்டில் பிறந்தவர்களுக்கும் பொதுவாக 7 விழுக்காட்டுக்கு மேல் கிடையாது என்னும் வரம்பு செவிலியர்களுக்கும் உண்டு. இந்தியாவில் பிறந்தவர்களுக்கு இந்தப் பிரிவில் வரிசை பத்தாண்டைத் தாண்டி நீள்கிறது. கணக்கில் கொள்ளப்படுவது பிறந்த நாடு. குடியுரிமையோ தற்போது வேலை செய்யும் நாடோ அல்ல. கணவரோ மனைவியோ வேறு நாட்டில் பிறந்தவராக இருந்தால் அந்த நாட்டின் வரிசையில் நிற்க இடமுண்டு. வரிசை எங்கே நிற்கிறது என்பதை அமெரிக்க வெளியுறவுத் துறை மாதந்தோறும் வெளியிடும் விசா அறிக்கையில் எவரும் இலவசமாகப் பார்க்கலாம். எந்த முகவரும் தேவையில்லை.

விசா கைக்கு வரும் முன் ‘விசாஸ்கிரீன்’ என்ற சான்றிதழும் வேண்டும். 1996-ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டம் விதித்த நிபந்தனை இது. கல்வி, பதிவு, ஆங்கிலம், தேர்வு நான்கையும் சேர்த்துச் சரிபார்த்துத் தருவார்கள். இந்தியாவில் ஆங்கில வழியில் படித்தவர்களுக்கும் ஆங்கிலத் தேர்வில் விலக்கு இல்லை. ஐ.இ.எல்.டி.எஸ். என்ற ஆங்கிலத் தேர்வை எழுதினால் மொத்தத்தில் 6.5, பேச்சில் 7 வேண்டும். ஆங்கிலத் தேர்வின் மதிப்பெண் இரண்டு ஆண்டில் காலாவதியாகும். விசாஸ்கிரீன் ஐந்து ஆண்டுக்குச் செல்லும். பத்தாண்டு வரிசையில் நிற்கப் போகிறவரை முதல் மாதமே இவற்றுக்குப் பணம் கட்ட வைக்கும் முகவர் யாருடைய நலனைப் பார்க்கிறார் என்பதை வாசகர்களே கணித்துக்கொள்ளட்டும்.

கணவரின் எச்-1பி விசாவைச் சார்ந்து எச்-4 விசாவில் இங்கே இருக்கும் தமிழ்ச் செவிலியர்கள் ஏராளம். நானும் அவர்களில் ஒருத்தியாக இருந்தேன். அவர்கள் தேர்வு எழுதலாம், உரிமமும் பெறலாம். பணி அனுமதி இல்லாமல் ஒரு நாள் கூட வேலை செய்ய முடியாது. கணவரின் கிரீன் கார்டு மனு குறிப்பிட்ட நிலையை எட்டியிருந்தால் மனைவிக்குப் பணி அனுமதி தரும் விதி 2015 மே மாதத்தில் நடைமுறைக்கு வந்தது. அதுவரை என் உரிமம் அலமாரியில் கிடந்தது.

ஒப்பந்தம் பற்றியும் ஒரு சொல். இரண்டு மூன்று ஆண்டுகள் வேலை செய்தாக வேண்டும், இடையில் விலகினால் பெருந்தொகை கட்ட வேண்டும் என்ற நிபந்தனையோடு ஆள் எடுக்கும் நிறுவனங்கள் உள்ளன. பிலிப்பைன்ஸ் செவிலியர்கள் தொடுத்த வழக்கொன்றில், 25,000 டாலர் வரை கேட்ட இத்தகைய நிபந்தனை ஆள்கடத்தல் தடுப்புச் சட்டத்துக்கு முரணானது என்று நியூயார்க்கில் உள்ள கூட்டாட்சி நீதிமன்றம் 2019-இல் தீர்ப்பளித்தது. அதற்காக எல்லா ஒப்பந்தமும் செல்லாது என்று பொருளல்ல. கையெழுத்திடும் முன் விலகல் தொகை எவ்வளவு, எந்த ஊரில் வேலை, மணிக்கு என்ன ஊதியம் என்பவை எழுத்தில் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும்.

தங்களிடம் என் வேண்டுகோள் ஒன்றுதான். தேர்ச்சி பெற்றால் வேலை என்ற அந்த வாக்கியத்துக்குத் திருத்தம் வெளியிடுங்கள். அதே பக்கத்தில் வந்திருந்த பயிற்சி விளம்பரத்தைப் போன்றவை இனி வரும்போது, அவர்கள் தருவது தேர்வுப் பயிற்சியா, மாநில உரிமத்துக்கான உதவியா, விசாவுடன் கூடிய வேலையா என்பதை விளம்பரதாரரிடம் கேட்டு, அந்த விடையையும் சேர்த்து அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
பதிவு பெற்ற செவிலியர் ஒருவர்,
நியூ ஜெர்சி, அமெரிக்கா.