இசைத்தட்டுகளை எடைக்குப் போட வேண்டாம், பெரியப்பா

சிகாகோ,
ஜனவரி மாதம்

அன்புள்ள பெரியப்பாவுக்கு,

நலம், நலமறிய ஆவல். பெரியம்மாவின் முழங்கால் வலி குறைந்திருக்கிறதா? இங்கே மாலை நான்கரைக்கே இருட்டிவிடுகிறது. மிஷிகன் ஏரிக்கு மறுகரை தெரியாது, அலையும் அடிக்கிறது. ஆனால் உப்பு வாசனை இல்லாத கரையில் நிற்பது மெரினாவில் வளர்ந்தவளுக்கு இன்னும் பழகவில்லை. கறிவேப்பிலையும் நல்லெண்ணெயும் டெவன் அவென்யூ கடைகளில் கிடைக்கின்றன. சாப்பாட்டுக்குக் குறையில்லை என்று பெரியம்மாவிடம் சொல்லுங்கள்.

இந்த ஊரில் என்ன சங்கீதம் கேட்கிறாய் என்று போன கடிதத்தில் கேட்டிருந்தீர்கள். அதற்குத்தான் இவ்வளவு நாள் பதில் எழுதாமல் இருந்தேன். நிறையச் சொல்ல வேண்டியிருக்கிறது.

என்னோடு வேலை பார்க்கும் பெரியவர் ஒருவர், இந்நகரின் தெற்குப் பகுதியிலேயே பிறந்து வளர்ந்த கறுப்பினத்தவர். உங்களிடம் இசைத்தட்டாக இருக்கும் நாகஸ்வர வித்வான் ராஜரத்தினம் பிள்ளையின் தோடி ராகத்தைப் பற்றி ஒருநாள் அவரிடம் பேசிக்கொண்டிருந்தேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமையே வீட்டுக்கு வரச் சொல்லிவிட்டார். சுவர் முழுக்க ஜாஸ் இசைத்தட்டுகள். முதலில் அவர் எடுத்து வைத்தது சாக்ஸபோன் கலைஞர் ராஸ்கோ மிட்செலின் ‘சவுண்ட்’. 1966இல் இதே ஊரில் பதிவானது. சாக்ஸபோனும் டிரம்பெட்டும் ஒன்றையொன்று சீண்டுகின்றன. திடீரென்று எல்லோரும் ஓய்ந்துவிடுகிறார்கள். ஒரு மணி, கொஞ்சம் மவுத் ஆர்கன், மறுபடி நிசப்தம். தாளத்தைத் தேடித் தேடி என் விரல்கள் தொடையிலேயே நின்றுவிட்டன. அவர் ஒன்றும் விளக்கவில்லை. தட்டைத் திருப்பி மறுபக்கத்தை வைத்தார்.

பிறகு ஆண்டனி பிராக்ஸ்டனின் ‘ஃபார் ஆல்டோ’. 1969இல் பதிவாகி 1971இல் இரண்டு தட்டுகளாக வந்தது. ஒரே ஒரு சாக்ஸபோன். துணைக்கு டிரம்ஸ் இல்லை, பியானோ இல்லை. சுருதிக்கு ஒத்துகூட இல்லாமல் ஒருவர் ஆலாபனை செய்துகொண்டே போனால் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். சில இடங்களில் கத்துகிறது, சில இடங்களில் மூச்சுச் சத்தம் மட்டும்தான். சாக்ஸபோனை இப்படி முழுத் தட்டு முழுக்கத் தனியாக விட்டுப் பார்க்க அதற்குமுன் யாருக்கும் துணிச்சல் வந்ததில்லை என்றார் பெரியவர். நீங்கள் பக்கத்தில் இருந்திருக்க வேண்டும், பெரியப்பா. திருவல்லிக்கேணி மாடவீதியில் புறப்பாட்டு நாகஸ்வரத்துக்காக என்னைத் தோளில் வைத்துக்கொண்டு நின்றவர் நீங்கள். இதில் இருக்கும் மூச்சின் பலம் உங்களுக்கு உடனே பிடிபட்டிருக்கும்.

இவர்களையெல்லாம் வளர்த்தது ஒரு சங்கம். 1965இல் முகல் ரிச்சர்ட் ஏப்ரம்ஸும் மற்ற சில கலைஞர்களும் சேர்ந்து தொடங்கியது. சொந்தமாக எழுதிய இசையையே வாசிக்க வேண்டும் என்பது அவர்கள் வைத்துக்கொண்ட விதி. கச்சேரிகளைத் தாங்களே ஏற்பாடு செய்தார்கள், அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்குக் காசு வாங்காமல் கற்றுக்கொடுத்தார்கள்.

கடைசியில் பெரியவர் அலமாரியின் மேல்தட்டிலிருந்து எடுத்ததைப் பார்த்து நான் எழுந்தே நின்றுவிட்டேன். சன் ரா என்ற ஜாஸ் கலைஞரின் தட்டு. தான் சனி கிரகத்திலிருந்து வந்தவன் என்று வாழ்நாள் முழுவதும் சொல்லிவந்தவர் அவர். ஆல்டன் ஏப்ரகாம் என்ற நண்பரோடு சேர்ந்து 1950களில் சனி என்று பொருள்படும் ‘சாட்டர்ன்’ என்ற பெயரிலேயே சொந்த இசைத்தட்டுக் கம்பெனி ஆரம்பித்தார். கொஞ்சம் கொஞ்சமாகத்தான் அச்சடிப்பார்கள். பல தட்டுகளுக்கு அச்சடித்த உறையே கிடையாது; வெள்ளை உறையில் குழுவினர் கையால் வரைந்து, படம் ஒட்டி, கச்சேரி நடக்கும் இடத்திலேயே விற்றார்கள். ஒன்றைப்போல் இன்னொன்று இருக்காது. இன்று அவற்றுக்கு நூற்றுக்கணக்கான டாலர் கேட்கிறார்கள். ஒத்திகையில் பதிவு செய்த சில தட்டுகள் தெளிவாகவே இல்லை, எல்லாமே உயர்ந்தவை என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் பெரியவரிடம் இருந்த உறையில் ஸ்கெட்ச் பேனா மை இன்னும் மங்காமல் இருந்தது. அந்தக் குழுவில் வாசித்த மார்ஷல் ஆலன், தன் பெயரில் முதல் தனி ஆல்பத்தை 2025இல், நூறு வயதில் வெளியிட்டார் என்பதை உங்கள் காதில் போட்டுவைக்கிறேன்!

இனி விஷயத்துக்கு வருகிறேன். ஏப்ரகாம் 1999இல் இறந்துவிட்டார். அடுத்த ஆண்டு வீட்டைக் காலி செய்தபோது உறைகளுக்கான ஓவியங்கள், கையெழுத்துத் தாள்கள், ஒலிநாடாக்கள் எல்லாம் குப்பைக்குப் போகவிருந்தன. ஜான் கார்பெட் என்ற எழுத்தாளருக்குத் தகவல் கிடைத்து, அவர் ஓடிப்போய் மீட்டார். அந்தத் தாள்கள் இப்போது சிகாகோ பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கின்றன. போய்ப் பார்த்தேன். பையை வெளியே வைத்துவிட்டுப் பென்சிலோடு மட்டும் உள்ளே விடுகிறார்கள். இதே பல்கலைக்கழகம்தான் கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் சேர்த்துவைத்த தமிழ்ப் புத்தகங்களையும் பத்திரிகைகளையும் அவர் இறந்தபிறகு வாங்கி, இங்கே கொண்டுவராமல் சென்னையில் வைத்தது. 1994இல் அது நூலகமாயிற்று. இன்று தரமணியில் இருக்கிறது. செட்டியார் விளம்பரப் பலகை எழுதிப் பிழைத்தவர். அவர் வீட்டில் அவையெல்லாம் பத்திரமாக இருந்ததால்தான் நமக்குக் கிடைத்தன.

மேடவாக்கம் ஃபிளாட்டில் இடமில்லை, பரணில் இருக்கும் தட்டுகளைப் பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போட்டுவிடப்போகிறீர்கள் என்று தம்பி போனில் சொன்னான். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. 1985இல் மூர் மார்க்கெட் எரிவதற்குமுன், சம்பள நாளில் அங்கே ஒவ்வொன்றாகத் தேடி வாங்கிவந்தவை அல்லவா? கம்பெனிகள் எல்லாவற்றையும் மறுபடி வெளியிடுவதில்லை. சில நாகஸ்வரத் தட்டுகள் உங்கள் பரணைத் தவிர வேறெங்கே மிச்சம் இருக்கின்றனவோ, யார் கண்டது? தயவுசெய்து கொடுத்துவிடாதீர்கள். வைக்க இடமே இல்லையென்றால் தரமணி நூலகத்தில் கேட்டுப் பாருங்கள். அதுவும் முடியாவிட்டால் அம்மா வீட்டில் என் அறை சும்மாதான் கிடக்கிறது.

தம்பி சனிக்கிழமை அட்டைப் பெட்டிகளோடு வருவான். நிமிடத்துக்கு 78 சுற்று சுற்றும் அந்தப் பழைய தட்டுகள் அரக்கில் செய்தவை. ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் கனம் தாங்காமல் விரிசல் விடும். பெட்டியில் நிற்கவைத்தே அடுக்கச் சொல்லுங்கள். ஸ்பிரிட் போட்டுத் துடைக்கவே கூடாது, அரக்கு கரைந்துவிடும். கடை முத்திரை குத்திய பழைய காகித உறைகளையும் எறிய வேண்டாம். லேபிளில் இருக்கும் எண்களை ஒரு நோட்டில் நீங்களே எழுதிவைத்தால் நல்லது. அவன் கையெழுத்தை நம்ப முடியாது. பின்னால் வந்த எல்.பி. தட்டுகளுக்கு உள்ள ஊசி இவற்றுக்கு ஆகாது, அகலமான ஊசி வேண்டும். இங்கே வாங்கிவிட்டேன், பங்குனியில் வரும்போது கொண்டுவருகிறேன். தோடியிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் பதிவு செய்துவிடலாம்.

பெரியம்மாவுக்கு என் வணக்கம்.

உங்கள் அன்பு மகள்