கத்திரிக்கு முன்னால் குண்டுவுக்குச் செய்ய வேண்டியது

அன்புள்ள மலருக்கு,

பங்குனி முடியவில்லை, அதற்குள் வேளச்சேரியில் வெயில் மண்டையைப் பிளக்கிறது என்று போனில் சொன்னாய். உன் பக் நாய் குண்டு நாள் முழுக்க டைல்ஸில் வயிற்றை ஒட்டிக்கொண்டு கிடக்கிறான், சோற்றில் பாதியை வைத்துவிடுகிறான் என்றும் சொன்னாய். போனில் சொன்னால் பாதி மறந்துபோகும், அதனால் எழுதுகிறேன். மாப்பிள்ளையையும் படிக்கச் சொல். பகலில் வீட்டில் இருப்பவர் அவர்தானே.

தரையில் கிடப்பதும் கொஞ்சம் குறைவாகச் சாப்பிடுவதும் நோய் இல்லை. பயப்பட வேண்டியது வேறு இடத்தில் இருக்கிறது. நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது, உள்ளங்காலில் லேசாக வியர்க்கும், அவ்வளவுதான். நாக்கிலும் மூக்கின் உள்பக்கத்திலும் இருக்கும் ஈரம் மூச்சுக்காற்றில் ஆவியாகும்போதுதான் அதன் சூடு வெளியேறும். பக் நாய்க்கு மூக்கு சப்பை, துவாரம் சின்னது, உள்நாக்குப் பக்கத்துச் சதை நீண்டு தொண்டையை மறைக்கும். மூச்சிரைக்கவே அது பாடுபட வேண்டும், அந்தப் பாடே மேலும் சூட்டைக் கிளப்பும். சென்னையில் இதோடு புழுக்கமும் சேர்கிறது. காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் நாக்கின் ஈரம் எங்கே ஆவியாகும்? அதனால் வெறும் டிகிரியை மட்டும் பார்த்து ஏமாறாதே. 35 டிகிரிதான் என்றாலும் துணி காயாத மாதிரி புழுங்கினால் அன்றைக்குத்தான் குண்டுவுக்குக் கஷ்டம். இந்த ஊருக்குப் பக் ஏற்றதில்லை என்பது என் எண்ணம். வாங்கியாயிற்று, இனி நாம்தான் அவனுக்கேற்ப நேரத்தை மாற்றிக்கொள்ள வேண்டும்.

நடைக்குப் போவதை காலை 6 மணிக்குள் முடித்துவிடு. சாயங்காலம் 5 மணிக்கு வெயில் சாய்ந்துவிட்டது என்று கிளம்பாதே. தார் ரோடும் சிமெண்ட் தரையும் பகலில் வாங்கிய சூட்டை இருட்டிய பிறகும் விட்டுக்கொண்டிருக்கும், மொட்டை மாடி அதைவிட மோசம். புறங்கையைத் தரையில் 7 விநாடி வைத்துப் பார். உன்னால் முடியவில்லை என்றால் அவன் பாதமும் வெந்துபோகும். கழுத்துப் பட்டையை எடுத்துவிட்டு மார்பில் மாட்டும் ஹார்னெஸுக்கு மாறிவிடு, மூச்சுக்குழாயில் அழுத்தம் விழாது. கத்திரி மே 4 வாக்கில் தொடங்கி மாதக் கடைசி வரை இருக்கும். அந்த நாட்களில் 10 நிமிடம் நடந்தால் போதும், பந்து எறிந்து விளையாட்டுக் காட்டுவது வேண்டாம்.

எடையையும் பார். எடை கூடினாலே பக்கின் மூச்சு திணற ஆரம்பிக்கும். விலாவில் கை வைத்தால் அழுத்தாமலே எலும்பு தட்டுப்பட வேண்டும். காலைச் சாப்பாட்டை நடை முடிந்து அரை மணி கழித்து வை, இரவுச் சாப்பாட்டை 8 மணிக்குமேல் வை. தயிர்சாதம் கொடுக்கலாம், ஆனால் உப்பும் தாளிப்பும் வெங்காயமும் இல்லாமல். தர்ப்பூசணியை விதையும் தோலும் நீக்கி நாலு துண்டு கொடுக்கலாம். திராட்சை ஒன்றுகூடக் கூடாது, சிறுநீரகத்தைக் கெடுக்கும். மாம்பழக் கொட்டையைக் குப்பைக்கூடையில் திறந்துபோடாதே. அதை முழுங்கினால் குடலில் சிக்கி ஆபரேஷன் வரை போகும்.

தண்ணீர் கிலோவுக்கு 50 முதல் 60 மில்லி என்பது சாதாரண நாளின் கணக்கு. குண்டுவுக்கு அரை லிட்டர் வரும், வெயிலில் இன்னும் கூடும். ஒரே கிண்ணம் வைக்காமல் ஹாலிலும் படுக்கையறையிலும் தனித்தனியாக வை. மண்சட்டி நல்லது, தினமும் தேய்த்துக் கழுவு. தெருநாய்களுக்கு கேட்டுக்கு வெளியே வைக்கும் சிமெண்ட் தொட்டியிலும் தினம் தண்ணீரை மாற்று, இல்லையென்றால் டெங்குக் கொசுவைத்தான் வளர்ப்பாய்.

இனி முக்கியமான விஷயம். மூச்சிரைப்பு சத்தமாகி நிற்கவே மாட்டேன் என்கிறது, எச்சில் பசை மாதிரி நூலாக வழிகிறது, ஈறு செங்கல் நிறத்துக்குப் போகிறது, நடை தள்ளாடுகிறது, வாந்தியோ ரத்தம் கலந்த பேதியோ வருகிறது என்றால் அது வெப்பத்தாக்கு. நாயின் உடம்புச் சூடு சாதாரணமாகவே 101 முதல் 102.5 ஃபாரன்ஹீட் இருக்கும். அதை நம் கணக்கில் காய்ச்சல் என்று நினைக்காதே. 105ஐத் தாண்டினால் உயிருக்கு ஆபத்து. டிஜிட்டல் தெர்மாமீட்டரின் நுனியில் தேங்காய் எண்ணெய் தடவி ஆசனவாயில் ஒரு அங்குலம் நுழைத்துப் பார்க்க வேண்டும். மாப்பிள்ளை இப்போதே ஒருமுறை செய்து பழகிக்கொள்ளட்டும்.

அந்த நேரத்தில் ஆட்டோ தேடி ஓடாதே. முதலில் குளிர்விக்க வேண்டும், பிறகுதான் ஆஸ்பத்திரி. பாத்ரூம் தரையில் படுக்கவைத்து வயிறு, தொடை இடுக்கு, அக்குள், பாதம் எல்லாம் நனையத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இரு, கூடவே ஃபேனை நேராகத் திருப்பிவை. தலையில் ஊற்றும்போது மூக்கிலும் வாயிலும் ஏறாமல் பார்த்துக்கொள். பலரும் கோட்டைவிடும் இடம் ஒன்று உண்டு: மதியம் மாடித் தொட்டியிலிருந்து குழாயில் வருவது வெந்நீர். அதை ஊற்றிப் பயனில்லை. காலையிலேயே இரண்டு பக்கெட் பிடித்து நிழலில் மூடி வைத்துவிடு, ஜூன் முடியும் வரை இது உன் தினசரி வேலையாக இருக்கட்டும். ஈரத் துண்டால் போர்த்தி அப்படியே விடாதே. துண்டு கொஞ்ச நேரத்தில் சூடாகி, ஆவியாவதையும் தடுத்துவிடும். மயக்கத்தில் இருக்கும் நாயின் வாயில் தண்ணீர் புகட்டினால் நுரையீரலுக்குப் போகும். பாராசிட்டமால் மாத்திரையைத் தொடவே தொடாதே. இது காய்ச்சல் இல்லை, அது கேட்காது. நாய்க்கே கெடுதி, உங்கள் பூனை மிளகுக்குக் கொடுத்தால் உயிரே போகும்.

103க்கு இறங்கியதும் ஊற்றுவதை நிறுத்திவிடு, மேலே தொடர்ந்தால் சூடு அளவுக்கு மீறி இறங்கிவிடும். எழுந்து வாலாட்டினாலும் அன்றே டாக்டரிடம் காட்ட வேண்டும். சிறுநீரகம் கெடுவதும் ரத்தம் உறையாமல் போவதும் ஒன்றிரண்டு நாள் கழித்துத்தான் தெரியவரும். வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கிறது, ஆனால் வேளச்சேரியிலிருந்து தூரம். பக்கத்தில் இரவிலும் டாக்டர் இருக்கும் கிளினிக் எது என்று இந்த வாரமே கேட்டு நம்பரைப் ஃபிரிட்ஜில் ஒட்டிவை.

கரண்ட் போனால் என்ன செய்வது என்று கேட்டிருந்தாய். இன்வெர்ட்டரில் ஃபேன் ஓடினால் மட்டும் போதாது. நமக்கு ஃபேன் இதமாக இருப்பது வியர்வை காய்வதால். உடம்பில் வியர்க்காத நாய்க்கு வயிற்றையும் பாதத்தையும் நனைத்துவிட்டுப் போட்டால்தான் பலன்.

மேல்வீட்டு லாப்ரடாருக்கு மொட்டை அடித்துவிட்டார்கள் என்றாயே, அது தப்பு. இரட்டை அடுக்கு ரோமம் வெயிலையும் தடுக்கும். உள்ரோமத்தை வாரிக் கழித்தாலே காற்று போகும். குண்டுவின் முகமடிப்புகளை மட்டும் தினம் ஈரத்துணியால் துடைத்து உடனே உலர்த்து, ஈரம் தங்கினால் புண்ணாகி நாறும்.

உண்ணி இந்தச் சூட்டில் மளமளவென்று பெருகும். ஒரு பெண் உண்ணி ஆயிரக்கணக்கில் முட்டையிடும், அதுவும் நாயின் மேல் இல்லை, சுவர் விரிசலிலும் கதவுநிலை இடுக்கிலும். நாயை மட்டும் குளிப்பாட்டினால் போகாததற்குக் காரணம் அதுதான். காது மடல், விரலிடுக்கு, வாலடி மூன்றையும் தினம் தடவிப் பார். இருந்தால் ட்வீஸரால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழு. நசுக்காதே, மண்ணெண்ணெய் தடவாதே. மாதம் ஒருமுறை கொடுக்கும் மெல்லும் மாத்திரையை எடைக்கேற்ப டாக்டர் எழுதித் தருவார். வலிப்பு வந்த நாயாக இருந்தால் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். சோற்றை அறவே தொடாமல், காய்ச்சலடித்து, ஈறு வெளுத்து, மூக்கில் ரத்தம் வந்தால் அது வெயிலால் என்று விட்டுவிடாதே, உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம். ரத்தப் பரிசோதனையில் தட்டணுக்களைப் பார்க்கச் சொல்.

நாய்க்குக் கழுத்தில் விடும் உண்ணி மருந்துகளில் பெர்மெத்ரின் இருந்தால் மிளகு இருக்கும் வீட்டுக்குள்ளேயே வர வேண்டாம். பூனைக்கு அது விஷம், குண்டுவை நக்கினாலே உதறல் வரும். மிளகு வாயைத் திறந்து மூச்சுவிட்டால் ஒரு நிமிடமும் காத்திராதே. பூனை நாயைப் போல இரைப்பது இயல்பில்லை. கடுவனாகையால் இன்னொன்றும் கவனி: மண்தட்டில் உட்கார்ந்து முக்கியும் மூத்திரம் வரவில்லை என்றால் அடைப்பு, அன்றைக்கே போயாக வேண்டும். காற்றுக்காக பால்கனிக் கதவைத் திறந்துவைக்கப் போகிறீர்கள், அதற்குமுன் வலை கட்டிவிடுங்கள். நான்காவது மாடி.

லீவுக்கு ராஜபாளையம் வரும்போது ரயில் வேண்டாம். முதல் வகுப்பு ஏசியில் தனி கூப்பே கிடைக்காவிட்டால் கார்டு வேனின் நாய்க்கூண்டில்தான் ஏற்றுவார்கள், அந்தப் பெட்டியில் பக் தாங்காது. காரில் இரவு 9 மணிக்குமேல் கிளம்புங்கள். டீக்கு நிறுத்தினால் ஒருவர் இறங்க, ஒருவர் ஏசியோடு வண்டியிலேயே இருக்க வேண்டும். பகலில் நிறுத்திய கார் 10 நிமிடத்தில் 10 டிகிரி ஏறும், கண்ணாடியை இரண்டு விரல் இறக்கிவைப்பதால் ஒன்றும் ஆகாது. தேதி முடிவானதும் சொல், பின்கட்டு அறையின் சுவர் விரிசலை அதற்குமுன் பூசி வைக்கிறேன்.

அன்புடன்,
அப்பா