சால்மனை அறக்குளா போலக் காய்ச்ச வேண்டாம்

ஆசிரியருக்கு வணக்கம்.

இரண்டு கிழமைக்கு முன்னர் உங்கள் சமையல் பக்கத்தில் வந்த சால்மன் குழம்பைப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன். துண்டுகளை முதலில் எண்ணெயில் பொரித்தெடுத்து, அப்புறம் பழப்புளிக் குழம்பில் 25 நிமிடம் கொதிக்க விடச் சொல்லியிருந்தீர்கள். அப்படிச் செய்தால் அந்த மீனில் என்ன மிஞ்சும்? 1991இல் கனடாவில் ஸ்காபரோவுக்கு வந்த நாளிலிருந்து பத்துப் பன்னிரண்டு வருடம் நானும் அப்படித்தான் சமைத்தேன். பிள்ளைகள் குழம்பை மட்டும் சோற்றில் விட்டுக் குழைத்துச் சாப்பிட்டுவிட்டு மீனைக் கோப்பை ஓரத்தில் ஒதுக்கி வைப்பார்கள், நான் அவர்களைத்தான் பேசினேனே தவிர என் சமையலில் பிழை இருக்கும் என்று நினைக்கவில்லை.

சால்மன் என்ற பெயர் எங்களுக்கு ஊரிலேயே தெரியும், மீன்தான் தெரியாது. இலங்கையில் டின்னில் அடைத்து வருகிற எந்த மீனுக்கும் 'சமன்' என்றுதான் பெயர், உள்ளே இருப்பது பெரும்பாலும் மக்கரல். இங்கே கடையில் செம்மஞ்சள் நிறத்தில் ஐஸ் மேலே அடுக்கி வைத்திருந்ததைக் கண்டபோது இதுதான் அந்தச் சமன் என்று நம்பவே முடியவில்லை. சரி, மீன்தானே என்று ஊரில் அறக்குளா மீனுக்குச் செய்கிற எல்லாவற்றையும் இதற்கும் செய்தோம். அங்கேதான் பிழைத்தது. அறக்குளாவும் விளைமீனும் தூளிலும் புளியிலும் கிடந்து கொதிக்கத் தாங்கும். சால்மனின் சதை மெதுவானது, மடல் மடலாகப் பிரிவது. கூடக் காய்ச்சினால் அந்த மடல்களுக்கு இடையில் தயிர்க்கட்டி மாதிரி வெள்ளையாக ஒன்று வெளியே தள்ளும். கொழுப்பு என்று பலர் நினைக்கிறார்கள், அது அல்புமின் என்கிற புரதம். அது நிறைய வெளியே வந்துவிட்டதென்றால் மீன் உள்ளே வறண்டுபோகத் தொடங்கிவிட்டது.

இப்போது நான் செய்வது மரக்கறிச் சொதி, அதற்கு மேலே சால்மன். நாலு பேருக்கு 500 கிராம் மீன் போதும். அகலமான சட்டியில் வெங்காயம், கீறின பச்சை மிளகாய் நாலு, கறிவேப்பிலை, அரைத் தேக்கரண்டி வெந்தயம், கொஞ்சம் மஞ்சள், உப்பு எல்லாம் போட்டு, இரண்டு உருளைக்கிழங்கும் ஒரு கரட்டும் வெட்டிச் சேர்த்து, ஒரு டின் தேங்காய்ப்பாலில் கால்வாசியைத் தண்ணீரில் கரைத்துக் கப்பிப்பாலாக ஊற்றி அவிய விடுங்கள். ஒரு பிடி போஞ்சியும் லீக்ஸின் வெள்ளைப் பகுதியும் பிந்திப் போட வேண்டியவை. கிழங்கை அகப்பையால் அழுத்தினால் உடைகிற பதம் வரும்வரை மீன் பக்கம் போகவே கூடாது, ஏனென்றால் மீன் போட்ட பிறகு மரக்கறிக்காகக் காத்திருக்க நேரம் கிடையாது. பிறகு மிச்சப் பாலை விட்டு, ஓரத்தில் மட்டும் சின்னக் குமிழ் வருகிற அளவுக்கு அடுப்பைக் குறைத்து, உப்பும் மஞ்சளும் மிளகும் தடவி வைத்த துண்டுகளைத் தோல் கீழே இருக்கும்படி மரக்கறியின் மேல் வைத்து மூடிவிடுங்கள். கிளற வேண்டாம். ஓர் அங்குலத் தடிப்புக்கு 10 நிமிடம் என்று ஒரு பழைய கணக்கு உண்டு, அதற்குக் கனடிய முறை என்றே பெயர். எனக்கு எட்டாவது நிமிடத்தில் மூடியைத் திறந்து பார்ப்பது பழக்கம். முள்ளுக்கரண்டியைத் தடிப்பான இடத்தில் குத்தி மெதுவாகத் திருப்பினால் மடல் தானாகப் பிரிய வேண்டும், நடுச்சதை கண்ணாடி போலத் தெரியக் கூடாது. வெப்பமானி வைத்திருப்பவர்களுக்கு, அரசின் சுகாதாரத் திணைக்களமான ஹெல்த் கனடா சொல்கிற அளவு 70 பாகை செல்சியஸ். தேசிக்காய்ப் புளி சட்டியை இறக்கிய பிறகுதான், கொதிக்கும்போது விட்டால் பால் திரைந்துவிடும்.

பழப்புளி இல்லாமல் வெடுக்கு மணக்காதா என்று கேட்பார்கள். மீன் புதிதாக இருந்தால் மஞ்சளும் வெந்தயமும் கடைசியில் விடுகிற தேசிக்காயும் போதும். தோலை ஒட்டிக் கபில நிறத்தில் ஒரு பட்டை இருக்கும், மணம் கூடுதலாக இருப்பது அதில்தான், பிடிக்காவிட்டால் கத்தியால் சீவி எடுத்துவிடலாம். நடுச்சதையில் விரலை ஓட்டிப் பார்த்து மெல்லிய முள்ளுகளையும் பிடுங்கிவிடுங்கள், சின்னப் பிள்ளைகள் இருக்கிற வீட்டில் இது முக்கியம்.

பொரிப்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஜனவரியில் யன்னல் திறக்க முடியாது. நாங்கள் அடுக்குமாடியில் இருந்தபோது மீன் பொரித்தாலே புகை அலாரம் கத்தும், மணம் நடைபாதை முழுக்கப் போய் இரண்டு நாள் நிற்கும், பக்கத்து வீட்டுக்காரர் முறைப்பாடு செய்து கட்டடக்காரரிடம் இருந்து கடிதமும் வந்தது. அந்தக் குளிர்காலம் முழுக்க வீட்டில் மீனே சமைக்கவில்லை. சொதியில் அந்தத் தொல்லை இல்லை.

மீனோடு மரக்கறியா என்று முகம் சுளிப்பவர்கள் ஒடியற் கூழை நினைத்துப் பார்க்கட்டும். மீன், நண்டு, இறால், பயிற்றங்காய், மரவள்ளி, பலாக்கொட்டை, முருங்கையிலை என்று எல்லாம் ஒரே பானையில்தானே கிடக்கும். சால்மனை ஊர் மீனாகக் கொண்ட பின்லாந்துக்காரரும் உருளைக்கிழங்கு, லீக்ஸ், கிரீம் போட்டு லோஹிகெயித்தோ என்ற சூப்பைத்தான் காய்ச்சுகிறார்கள். கிரீமுக்குப் பதில் தேங்காய்ப்பாலை வைத்துப் பாருங்கள், எங்கள் சொதிக்கு வெகு தூரமில்லை.

அதே பக்கத்தில் ஒரு பெட்டிச் செய்தியில் பண்ணைச் சால்மனுக்குச் சாயம் ஊசியால் ஏற்றுகிறார்கள் என்று போட்டிருந்தீர்கள். அது பிழை. அஸ்டசாந்தின் என்ற நிறப்பொருளைத் தீனியில் கலந்து கொடுக்கிறார்கள். கடலில் வளர்கிற சால்மனுக்கு அதே பொருள் சின்ன இறால் வகைகளைத் தின்பதால் கிடைக்கிறது. பண்ணைகளைப் பற்றி எழுத வேண்டிய விஷயங்கள் வேறு நிறைய உண்டு. பிரிட்டிஷ் கொலம்பியாவில் கடலுக்குள் திறந்த வலைக்கூடுகளில் சால்மன் வளர்ப்பதை 2029 ஜூன் முடிவோடு நிறுத்தப் போவதாக 2024இல் மத்திய அரசு அறிவித்ததே, அதைப் பற்றி எழுதுங்கள், வாசிப்போம்.

சமையல் குறிப்பு போடும்போது எந்தச் சால்மன் என்றும் தயவுசெய்து குறிப்பிடுங்கள். கடைகளில் அதிகம் கிடைக்கிற அத்திலாந்திக் சால்மன் பண்ணையில் வளர்ந்தது, கொழுப்புக் கூடியது, ஒரு நிமிடம் பிந்தினாலும் பொறுக்கும். பசிபிக் கரையில் இருந்து வருகிற சொக்காய் (sockeye) என்ற சால்மன் வகை நல்ல சிவப்பு, கொழுப்பும் குறைவு, துண்டும் மெல்லியது, அதற்கு ஐந்தாறு நிமிடமே காணும். இரண்டுக்கும் ஒரே நேரம் சொல்ல முடியாது.

அடுத்த இதழிலேயே அந்த 25 நிமிடத்தைத் திருத்திப் போடுங்கள். என் மச்சாள் அந்தப் பக்கத்தை வெட்டிக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டி வைத்திருக்கிறார், நான் சொன்னால் கேட்கமாட்டார், பேப்பரில் வந்தால்தான் மாற்றுவார்.

அன்புடன்,
ஸ்காபரோவிலிருந்து ஒரு வாசகி