மத்தியானச் சாப்பாட்டில் கேட்ட கேள்வி

மணப்பாடு

அன்புள்ள எய்யா,

நேற்று போனில் நீ கேட்டதற்கு நான் ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை. குக்கர் விசில் அடித்துக்கொண்டிருந்தது, உன் அப்பா வேறு பக்கத்தில் நின்று சைகை காட்டிக்கொண்டிருந்தார். இருபத்திரண்டு வருஷம் ஞானோபதேச வகுப்பு எடுத்தவள், "ஜெபம் பண்ணு, வார்த்தை தானா வரும்" என்று சொல்லி போனை வைத்துவிட்டேன். அப்புறம் எனக்கே வெட்கமாகப் போய்விட்டது. அதனால்தான் எழுதுகிறேன்.

உன்கூட வேலை பார்க்கிற பையன் சாப்பிடும்போது, "உங்கள் கடவுள் எப்படிப்பட்டவர்?" என்று கேட்டான். நீ, "கடவுள் அன்பாக இருக்கிறார்" என்றாய். அவன் மரியாதைக்குத் தலையாட்டிவிட்டுச் சாப்பாட்டுப் பெட்டிக்குள் குனிந்துகொண்டான். வேறு என்ன செய்வான், பாவம். அந்த ஒரு வரிக்குப் பின்னால் உனக்குப் பூசையும், பெரிய வெள்ளிக்கிழமையும், ஆச்சி சொன்ன செபமாலையும் இருக்கின்றன. அவனுக்கு அது வாழ்த்து அட்டையில் அச்சடித்த வரி.

நீ இருக்கிற ஜப்பானில் இதே சங்கடத்தில் மாட்டியவர், வேதம் போதிக்க வந்து நம்ம ஊர் குகையில் தங்கியிருந்த புனித சவேரியார்தான். 1549 ஆகஸ்டில் ககோஷிமாவில் போய் இறங்கினார். அவருக்கு மொழி தெரியாது. மலாக்காவில் சந்தித்த அஞ்சிரோ என்பவர்தான் மொழிபெயர்ப்பாளர். கடவுளுக்கு என்ன சொல் என்று கேட்டதற்கு அவர் 'தைனிச்சி' என்று எடுத்துக்கொடுத்தார். இவரும் தெருவெல்லாம் தைனிச்சியை வணங்குங்கள் என்று பிரசங்கம் செய்தார். அங்கிருந்த ஷிங்கோன் என்ற புத்த மதப் பிரிவின் துறவிகளுக்கு ஒரே சந்தோஷம். ஏனென்றால் தைனிச்சி என்பது அவர்கள் வணங்குகிற புத்தரின் பெயர்! விஷயம் புரிய இரண்டு வருஷம் ஆனது. புரிந்ததும் கூட இருந்த சகோதரரைத் தெருவுக்கு அனுப்பி, தைனிச்சியைக் கும்பிடாதீர்கள் என்று சொல்ல வைத்தார். அப்புறம் வம்பே வேண்டாம் என்று லத்தீன் சொல்லான 'தேயுஸ்' என்பதையே வைத்துக்கொண்டார். அதையும் விடவில்லை, 'தாய் உசோ' என்று திரித்துக் கேலி பண்ணினார்கள். பெரிய பொய் என்று அர்த்தமாம். உன் நண்பனிடம் இதைச் சொல்லிப்பார், சிரிப்பான்.

நம் தமிழிலும் இந்தத் தடுமாற்றம் உண்டு. 1578-ல் கொல்லத்தில் அச்சான புத்தகத்தில் கடவுள் 'தம்பிரான்'. உன் பூட்டி கடைசிவரைக்கும் 'சர்வேசுரன்' என்றுதான் சொன்னாள். தரங்கம்பாடி லுத்தரன் ஆட்கள் 'பராபரன்' என்றார்கள், மற்ற சபைக்காரர்கள் 'தேவன்', 'கர்த்தர்' என்கிறார்கள். 1995-ல் வந்த திருவிவிலியத்தில் 'கடவுள்'. எல்லாச் சொல்லும் யாரோ ஏற்கனவே உடுத்திய சட்டைதான். அதனால் நல்ல சொல் கிடைக்கவில்லையே என்று நீ கவலைப்படாதே. ஜப்பானியச் சபைகளிலும் இன்று 'காமி' என்றுதானே சொல்கிறார்கள்? அவர்கள் மலையையும் மரத்தையும் தெய்வமாகக் கும்பிடும்போது வழங்குகிற அதே சொல்.

அந்த இடத்தில் மட்டும் ஒரு விளக்கம் தேவைப்படும். அங்கே காமிகள் எண்பது லட்சம் என்று ஒரு பேச்சு இருப்பதாக நீ சொன்னாய். நம் ஆண்டவரை எண்பது லட்சத்து ஒன்றாவது ஆளாகவோ, எல்லாருக்கும் பெரியவராகவோ அவன் நினைத்துக்கொள்வான். அவர் அந்தக் கணக்கிலேயே வரமாட்டார். நான் வகுப்பில் வள்ளத்தை உதாரணம் சொல்வேன். வள்ளத்தை அணியத்திலிருந்து பின்தலை வரை பலகை பலகையாகத் தேடினாலும் அதைக் கட்டிய ஆசாரி உள்ளே இருக்கமாட்டார். ஆனால் ஒரு பொடியன் எழுந்து, "ஆசாரி செத்த பிறகும் வள்ளம் ஓடுமே டீச்சர்" என்றான். அன்றோடு அந்த உதாரணத்தை விட்டேன். இப்போது பாட்டைத்தான் சொல்கிறேன். பாடுகிறவர் பாட்டுக்குள் ஒரு சுரம் இல்லை. ஆனால் அவர் வாயை மூடினால் பாட்டே கிடையாது. நாம் எல்லாரும், உன் நண்பனும், அவன் கும்பிடுகிற மலையும், இந்த நிமிஷம் பாடப்பட்டுக்கொண்டிருக்கிறோம். ஏதென்ஸ் நகரத்துக் கிரேக்கர்களிடம் அப்போஸ்தலர் பவுல் இதைத்தான் சொன்னார். மோசேயைப் பற்றி ஒரு வார்த்தை எடுக்கவில்லை. 'அறியப்படாத தெய்வத்துக்கு' என்று எழுதியிருந்த அவர்களுடைய பலிபீடத்தில் ஆரம்பித்து, அவர்களுடைய கவிஞர்களின் வரியையே எடுத்துப் பேசினார்.

பிதா, சுதன், பரிசுத்த ஆவி என்ற மூவொரு கடவுளைப் பற்றி அவனே கேட்டாலொழிய நீ வாயைத் திறக்காதே. கேட்டால், தண்ணீர், பனிக்கட்டி, நீராவி என்று மட்டும் சொல்லிவிடாதே. உனக்கும் நான்தான் அப்படிச் சொல்லிக்கொடுத்தேன், தப்பு. அது ஒரே ஆள் மூன்று வேஷம் போடுகிற கதை. ஆதிச் சபை வேண்டாம் என்று தள்ளியது. கடவுள் ஒருவரே, ஆனால் தனிமையில் இருப்பவர் அல்ல, உலகம் உண்டாகும் முன்பே அவருக்குள் அன்பு கொடுக்கல் வாங்கலாக இருந்தது என்று சொல். அதற்கு மேல் எனக்கும் ஏறாது.

அதைவிட, சொத்தைப் பிரித்து வாங்கிக்கொண்டு போய் அழித்துவிட்டு வீடு திரும்புகிற ஊதாரி மகனைப் பற்றி இயேசு சொன்ன கதையைச் சொல். அதில் நீ கவனிக்காத ஒன்று இருக்கிறது. பையன் பன்றிக் கொட்டிலில் உட்கார்ந்து அப்பாவிடம் பேச வேண்டியதை ஒத்திகை பார்க்கிறான்: பாவம் செய்தேன், மகன் எனப்பட லாயக்கில்லை, கூலியாளாக வைத்துக்கொள்ளும். மூன்று வரி. வீட்டுக்கு வந்து இரண்டு வரிதான் சொல்கிறான். கூலியாள் என்ற மூன்றாவது வரிக்கு வருவதற்குள் அப்பா, "துணி கொண்டு வாங்க, மோதிரம் கொண்டு வாங்க" என்று கத்த ஆரம்பித்துவிடுகிறார். உங்கள் கடவுள் எப்படிப்பட்டவர் என்று கேட்டால், அந்த மூன்றாவது வரியைச் சொல்ல விடாதவர் என்பேன் நான்.

உன்னிடம் சொல்லாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். சவேரியார் இங்கே வந்த புதிதில், தமிழும் போர்த்துகீசும் தெரிந்தவர்களை உட்காரவைத்து மன்றாட்டுகளைத் தமிழில் எழுதி மனப்பாடம் செய்தார். நம் விசுவாசத்தை அறிக்கையிடுகிற விசுவாசப் பிரமாணத்தில் 'விசுவசிக்கிறேன்' என்று வரவேண்டிய இடத்தில் 'வேணும்' என்று விழுந்திருந்தது. பிறகு கண்டுபிடித்து, இனிமேல் அப்படிச் சொல்லாதீர்கள், மாற்றுங்கள் என்று கூட்டாளி ஒருவருக்குக் கடிதம் எழுதினார். படித்தபோது சிரித்தேன், அப்புறம் சிரிக்க முடியவில்லை. உன் மாமா கடலுக்குப் போய்த் திரும்பாத அந்த ஐந்து நாளும் நான் திருச்சிலுவைக் கோவில் படியில் உட்கார்ந்து வேணும், வேணும் என்றுதான் சொன்னேன். தம்பி வேணும். உடம்பாவது வேணும். எதுவும் வரவில்லை. பல மாதம் கோவிலுக்குப் போனாலும் உதடு அசையாது. கோபம். ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தோடு கூட்டமாக 'விசுவசிக்கிறேன்' என்று என் வாயிலிருந்து வந்தது. எப்படி வந்தது என்று எனக்கு விளக்கத் தெரியவில்லை. சிலுவையில் தொங்கினவரிடம் கோபப்பட்டால் அவர் புரிந்துகொள்வார் என்று தோன்றியது, அவ்வளவுதான். இதை உன் நண்பனிடம் சொல்லலாம். எனக்கு ஆட்சேபம் இல்லை.

கடைசியில் அவன், போன வருஷம் தவறிப்போன தன் பாட்டி நரகத்திலா இருக்கிறாள் என்று கேட்டானே, அதற்கு நீ பேசாமல் இருந்தது நல்லது. சவேரியாரிடமும் ஜப்பானியர்கள் இதையேதான் கேட்டார்கள். செத்துப்போன முன்னோர்களுக்கு இனி மீட்பில்லை என்று அவர் சொல்ல, அவர்கள் அழுதார்கள். அவர்கள் அழுவதைப் பார்த்துத் தனக்கும் துக்கமாக இருந்தது என்று அவரே எழுதியிருக்கிறார். எனக்கு சவேரியார் மேல் உயிர், ஆனால் இதில் அவர் பக்கம் நான் இல்லை. திருச்சபையும் இன்று அப்படிப் பேசுவதில்லை. 1964-ல், உலகத்துக் கத்தோலிக்க ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம், தன் குற்றமில்லாமல் நற்செய்தியை அறியாமல், நேர்மையான மனதோடு கடவுளைத் தேடுகிறவர்களும் மீட்படையலாம் என்று எழுதி வைத்துவிட்டது. அவனிடம் சங்கத்தைப் பற்றியெல்லாம் பேசாதே. "ஊதாரி மகனைக் கண்டதும் ஓடிவந்த அந்த அப்பாவின் வீட்டு வாசலில் உன் பாட்டியை நிறுத்தி அடையாள அட்டை கேட்கமாட்டார்கள்" என்று சொல்.

தூத்துக்குடிக்குப் போகிறவரிடம் சொல்லி மக்ரூன் இரண்டு பெட்டி வாங்கிவைத்திருக்கிறேன். ஒன்று அவனுக்கு. நொறுங்காமல் வந்தால் சரி. வீட்டில் பாட்டி படத்துக்கு முன்னால் காலையில் சோறு வைக்கிறார்கள் என்று சொன்னாயே, வைக்கும்போது பாட்டியிடம் ஏதாவது பேசுவார்களா? கேட்டு எழுது.

அன்புடன்,
அம்மா