விலையை விட்டு ஓவியத்துக்கு வாருங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

லண்டன் ராயல் அகாதெமியில் நடந்த, அமெரிக்கக் கறுப்பின ஓவியர் கெர்ரி ஜேம்ஸ் மார்ஷலின் கண்காட்சி பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். தமிழில் அவரைப் பற்றி எழுதியதற்கே நன்றி சொல்ல வேண்டும். ஆனால் கட்டுரையில் பாதி, ஏல விலையிலேயே போய்விட்டது. ‘பாஸ்ட் டைம்ஸ்’ ஓவியம் 2018இல் 2.11 கோடி டாலருக்கு விற்றது உண்மைதான். சரி, அந்த ஓவியத்தில் என்னதான் இருக்கிறது? நீர்க்கரையில் கறுப்பின மக்கள் வெள்ளை உடையில் ஓய்வாகப் பொழுதுபோக்குகிறார்கள். ஒருவர் கோல்ஃப் ஆடுகிறார், பின்னால் படகு விரைகிறது. அமெரிக்க, ஐரோப்பிய அருங்காட்சியகச் சுவர்களில் இப்படி நிம்மதியாக உட்காரும் இடம் வெகுகாலம் வெள்ளையர்களுக்கே இருந்தது. கட்டுரை இதைத் தொடவே இல்லை.

எல்லாவற்றையும் ‘வலியின் ஓவியங்கள்’ என்று எழுதியதையும் என்னால் ஏற்க முடியவில்லை. வலி இருக்கிறது. 1963இல் குண்டுவெடிப்பில் நான்கு சிறுமிகள் இறந்த அலபாமாவின் பர்மிங்காமில் பிறந்தவர் அவர். ஆனால் அந்த ஊர் அருங்காட்சியகத்தில் இருக்கும் அவருடைய ‘ஸ்கூல் ஆஃப் பியூட்டி, ஸ்கூல் ஆஃப் கல்ச்சர்’ ஓவியத்தைப் பாருங்கள். பெண்களுக்கான ஓர் அழகு நிலையம். சிரிப்பு, பேச்சு, தலை அலங்காரம். முன்னால் தரையில் பொன்னிறக் கூந்தலோடு ஒரு முகம் கோணலாக இழுபட்டுக் கிடக்கிறது. பக்கவாட்டில் இருந்து பார்த்தால்தான் சரியாகத் தெரியும். அதைக் கவனிப்பது ஒரு குழந்தை மட்டும்தான். வெள்ளையர் அழகின் அடையாளமான அந்த முகத்தைப் பெண்கள் யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. எனக்கு அதுதான் பெரிய சந்தோஷம்.

அப்புறம், மனிதர்களின் தோலுக்கு அவர் தீட்டும் அந்தக் கறுப்பு! அச்சில் எல்லா முகமும் ஒரே மை பூசியதுபோல் வந்துவிடுகிறது. நேரில் அப்படி இல்லை. ஐவரி பிளாக், கார்பன் பிளாக், மார்ஸ் பிளாக் என்று தனித்தனிக் கறுப்புகளை எடுத்து, நீலமும் பச்சையும் ஊதாவும் கலந்து, கன்னம், கழுத்து, கண்ணிமை எல்லாவற்றையும் கறுப்புக்குள்ளேயே எழுப்புகிறார். பழுப்பாக்கி அதை மென்மைப்படுத்த அவர் ஒப்பவில்லை.

பணத்தைப் பற்றித்தான் எழுத வேண்டுமென்றால், சிகாகோ நூலகத்துக்காக அவர் 1995இல் வரைந்த ‘நாலெட்ஜ் அண்ட் வண்டர்’ பற்றி எழுதியிருக்கலாம். 2018இல் அந்த நகர நிர்வாகம் அதை ஏலத்துக்கு அனுப்பப் பார்த்தது. எதிர்ப்பு வலுத்ததும் கைவிட்டது. குழந்தைகள் பிரம்மாண்டமான புத்தகங்களை அண்ணாந்து பார்க்கும் ஓவியம் அது. அதை அடுத்த இதழில் வண்ணத்தில், முழுப் பக்கத்துக்கு வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
லண்டன் வாசகர்