கையால் ஓட்டும் டெஸ்ட்களும் இனி ரெப்போவுக்குள்தான்
எல்லோருக்கும் வணக்கம். மேனுவல் டெஸ்ட்களைத் தனியாக ஒரு ஷீட்டில் வைத்திருப்பதை இந்த வாரத்தோடு நிறுத்திவிடலாம், கோட் மாறும்போது அந்த ஷீட்டை யாரும் திறந்துகூடப் பார்ப்பதில்லை. இனி கோடும் டெஸ்ட்டும் ரெப்போவுக்குள் (நம் கோட் எல்லாம் இருக்கும் இடம்) ஒரே புல் ரிக்வெஸ்ட்டில் (மாற்றத்தைச் சேர்க்கச் சொல்லி அனுப்பும் கோரிக்கை) வரட்டும்.

குரோமியம், ஃபயர்ஃபாக்ஸ், வெப்கிட் என்று பிரவுசர் செய்யும் ஆட்கள் எல்லாம் சேர்ந்து பயன்படுத்தும் வெப் பிளாட்ஃபார்ம் டெஸ்ட்ஸ் ரெப்போவில், ஆள் உட்கார்ந்து செய்ய வேண்டிய டெஸ்ட் என்றால் ஃபைல் பெயரில் எக்ஸ்டென்ஷனுக்கு முன்னால் ஹைஃபன் போட்டு ‘மேனுவல்’ என்று இருக்கும். எது ஆளுக்கு, எது மெஷினுக்கு என்று பெயரிலேயே தெரிந்துவிடும். நாமும் அப்படியே வைப்போம்.

உள்ளே ‘டிராக் வேலை செய்கிறதா பார்க்கவும்’ என்று மொட்டையாக எழுதாதீர்கள். ‘நீலப் பெட்டியை மவுஸால் இழுத்து ஆரஞ்சுப் பெட்டிமேல் விடுங்கள், பச்சையானால் பாஸ், வேறு எது நடந்தாலும் ஃபெயில்’ என்று இருந்தால், நேற்றுச் சேர்ந்தவர்கூட யாரையும் கேட்காமல் ஓட்டிவிடுவார்.

அப்புறம், ஸ்கிரிப்ட் எழுதச் சோம்பல்பட்டு எதையும் மேனுவல் ஆக்க வேண்டாம். வெறும் கிளிக், கீ அழுத்துவது எல்லாம் ஆட்டோமேட் செய்யக்கூடியவைதான். ஸ்கிரீன் ரீடர் (திரையில் இருப்பதைச் சத்தமாக வாசிக்கும் மென்பொருள்) சரியாக வாசிக்கிறதா, பிரிண்ட்டில் எழுத்து உடைகிறதா மாதிரி கண்ணும் காதும் வேண்டியவை மட்டும் போதும்.

ஷீட்டில் இருப்பதில் யார் எதை நகர்த்துகிறீர்கள் என்று இங்கேயே சொல்லிவிடுங்கள்.