அனுபவம் இல்லன்னு யாருக்குச் சொல்றாங்க?

ஆசிரியருக்கு வணக்கம்.

போன வாரம் வாசகர் கடிதம் பகுதில ஒருத்தர் எழுதியிருந்தார், ஆம்பளைங்க ஆடுற புரொஃபஷனல் பாஸ்கெட்பால்ல பெண்கள் ஹெட் கோச்சா வர்றது இப்போதைக்கு சரிப்பட்டு வராது, அதுக்குத் தேவையான அனுபவம் அவங்களுக்கு இல்லன்னு. திட்டியெல்லாம் எழுதல, மரியாதையாத்தான் எழுதியிருந்தார், அதனாலதான் நானும் பதில் எழுதலாம்னு உக்காந்தேன். இருபது வருஷமா என்.பி.ஏ, அதான் அமெரிக்காவோட ஆண்கள் புரொஃபஷனல் பாஸ்கெட்பால் லீக், பாக்குறேன் சார், இந்த அனுபவம்ங்கிற வார்த்தைய யாருக்கு வெளிய எடுக்குறாங்க, யாரு வந்தா மடிச்சு உள்ள வச்சிடுறாங்கன்னு பாத்துப் பாத்து சலிச்சுப் போச்சு.

2013 ஜூன்ல ஜேசன் கிட் ஆட்டத்துலேர்ந்து ரிட்டயர் ஆனார், அதே மாசம் புரூக்ளின் நெட்ஸுக்கு ஹெட் கோச் ஆயிட்டார், ஷூ லேஸ் அவுக்கக் கூட நேரம் இருந்திருக்காது. 2014ல கோல்டன் ஸ்டேட் டீம் ஸ்டீவ் கெர்ர ஹெட் கோச்சா எடுத்தாங்க, அவர் அதுக்கு முன்னாடி டிவில கமென்ட்ரி பண்ணிட்டிருந்தார், ஃபீனிக்ஸ் டீம்ல ஜெனரல் மேனேஜரா இருந்தார், கோச்சிங் மட்டும் பண்ணதே இல்ல. முதல் சீசன்லயே கப் அடிச்சார், அது வேற விஷயம். 2020ல ஸ்டீவ் நாஷ், மறுபடி அதே புரூக்ளின், மறுபடி கோச்சிங் அனுபவம் சுத்தமா இல்ல. இவங்கள எடுத்தது தப்புன்னு நான் சொல்லல. கெர் மாதிரி ஒருத்தர் கிடைச்சா எந்த டீம்தான் வேணாம்னு சொல்லும். ஆனா அப்பல்லாம் அனுபவம் எங்கன்னு கேட்டவங்க எத்தனை பேர்? நல்லா ஆடினவர், ஆட்டம் தெரிஞ்சவர், கத்துக்குவார்னு விட்டுட்டாங்க.

இப்ப பெக்கி ஹாமன் கதைக்கு வருவோம். அஞ்சடி ஆறு அங்குலம், 1999ல டபிள்யூ.என்.பி.ஏ, அதான் பெண்கள் லீக், டீம்கள் புது ஆளுங்களத் தேர்ந்தெடுக்கிற டிராஃப்ட்ல எந்த டீமும் எடுக்கல, அப்புறம் தானா உள்ள நுழைஞ்சு 16 சீசன் ஆடினாங்க. 2013ல முட்டி லிகமென்ட் கிழிஞ்சு ஆட முடியாமப் போனப்ப வீட்ல படுத்துக்காம சான் அன்டோனியோ ஸ்பர்ஸ்ங்கிற என்.பி.ஏ டீமோட பிராக்டிஸ்ல போய் உக்காந்தாங்க, கோச் கிரெக் போப்போவிச் அவங்க பேசுறதக் கவனிச்சார், 2014 ஆகஸ்ட்ல சம்பளத்தோட ஃபுல் டைம் அசிஸ்டன்ட் ஆக்கிட்டார். அடுத்த வருஷமே என்.பி.ஏவோட கோடைப் போட்டியான லாஸ் வேகஸ் சம்மர் லீக்ல அவங்க ஹெட் கோச்சா நின்னு ஸ்பர்ஸ் கப் அடிச்சுது. அதுக்கப்புறமும் அதே பெஞ்ச்ல தான். மொத்தம் எட்டு சீசன், அதுவும் அஞ்சு கப் ஜெயிச்ச போப்போவிச் பக்கத்துல. 2018ல மில்வாக்கி டீம் ஹெட் கோச் வேலைக்குக் கூப்ட்டுப் பேசினாங்க, கொடுக்கல. 2021ல போர்ட்லேண்ட் கூப்ட்டாங்க, கடைசி வரைக்கும் பேர் அடிபட்டுது, வேலை போனது சான்ஸி பில்லப்ஸுக்கு. அவர் பெரிய ஆட்டக்காரர், 2004 ஃபைனல்ஸோட சிறந்த ஆட்டக்காரர், இல்லன்னு யார் சொன்னா. ஆனா அப்ப அவரோட கோச்சிங் அனுபவம் கிளிப்பர்ஸ் டீம்ல அசிஸ்டன்ட்டா ஒரே ஒரு சீசன். எட்டு பெருசா ஒண்ணு பெருசா?

2020 டிசம்பர் 30 மேட்ச் ஞாபகம் இருக்கிறவங்க இருப்பீங்க. ஸ்பர்ஸோட ஆட லேக்கர்ஸ் டீம் வந்திருக்காங்க, கொரோனா நேரம், ஸ்டேடியத்துல ஒரு ஈ காக்கா இல்ல, அதனால கோர்ட்ல யார் கத்தினாலும் நமக்குக் கேக்குது. செகண்ட் குவார்ட்டர்ல போப்போவிச் ரெஃப்ரீகிட்ட கத்து கத்துன்னு கத்தி, வெளிய போன்னு அனுப்பிட்டாங்க. போகும்போது ஹாமன் பக்கம் கை காட்டிட்டுப் போயிட்டார், அவ்ளோதான். என்.பி.ஏ வரலாத்துல ஒரு ரெகுலர் சீசன் மேட்ச்ல ஒரு பெண் டீம நடத்தினது அதுதான் முதல் தடவை. நான் அன்னிக்கு ஸ்கோர விட்டுட்டு டைம் அவுட்டயேதான் பாத்துட்டிருந்தேன். அவங்க மாஸ்க்கோட நிக்கிறாங்க, பசங்க சுத்தி நிக்கிறாங்க, எவனும் முகத்தச் சுளிக்கல, எவனும் வேற பக்கம் பாக்கல. நானும் காலேஜ் பாஸ்கெட்பால் டீம்ல ரெண்டு வருஷம் பெஞ்ச தேச்சவன்தான், டைம் அவுட்ல என்ன நடக்கும்னு தெரியும், மூச்சு வாங்கும், வேர்வை கண்ணுல இறங்கி எரியும், போர்டுல மார்க்கர் எங்க போவுதுன்னு பாக்கவே நேரம் பத்தாது, நான் எங்க ஓடணும், யாருக்காக எதிராளிய மறிச்சு நிக்கணும், அவ்ளோதான் மண்டைக்குள்ள. என்.பி.ஏல அதுக்கு 75 செகண்ட் தர்றாங்க. அதுல கோச் ஆம்பளையா பொம்பளையான்னு யோசிக்கிறவன் அடுத்த பிளேல கோட்ட விட்டுருவான். அன்னிக்கு ஸ்பர்ஸ் 121-107ன்னு தோத்தாங்க. லேக்கர்ஸ் ஸ்டார் லெப்ரான் ஜேம்ஸுக்குப் பொறந்த நாள் வேற.

பெண் கோச் பேச்ச பிளேயர்ஸ் கேக்க மாட்டாங்கன்னு சொல்றவங்களுக்கு ஒண்ணு. பாவ் கசோல்ங்கிற ஆட்டக்காரர் லேக்கர்ஸ்ல ஃபில் ஜாக்சன்ங்கிற பெரிய கோச் கிட்ட ஆடி ரெண்டு கப் ஜெயிச்சவர், அப்புறம் போப்போவிச் கிட்ட வந்தவர், ஹாமன் அங்க அசிஸ்டன்ட்டா இருந்தப்ப தினம் பாத்தவர். அவரே 2018ல திறந்த கடிதம் மாதிரி ஒண்ணு எழுதினார், இவங்களால என்.பி.ஏ டீமுக்கு கோச் பண்ண முடியும், அதுல பேச்சே இல்லன்னு. அவங்ககிட்ட ஆடினவன் சொல்றத நம்புறதா, சோஃபால உக்காந்து பாக்குற நாம சொல்றத நம்புறதா?

இந்தப் பெண்கள் என்.பி.ஏல ஆடினதே இல்லையேன்னு இன்னொரு கேள்வி. போப்போவிச்சும் ஆடினதில்ல. மயாமி டீம 2008லேர்ந்து நடத்துற எரிக் ஸ்போல்ஸ்ட்ராவும் ஆடினதில்ல, வீடியோ ரூம்ல கேசட் வெட்டி ஒட்டி மேல வந்தவர். பிளேயர்ஸ் டிரஸ் மாத்துற லாக்கர் ரூம்ல பெண் கோச் இருந்தா பிரச்சனைன்னு சொல்றதுக்கெல்லாம் நான் பதில் எழுதப் போறதில்ல, இடம் வேஸ்ட்.

ஆம்பளைங்க டீமுக்கு ஹெட் கோச்சா எந்தப் பெண்ணும் நின்னதில்லன்னு அந்த வாசகர் நினைக்கிறார் போல. நான்சி லீபர்மன் 2010ல டெக்சஸ் லெஜண்ட்ஸ நடத்தினாங்க, அது என்.பி.ஏவோட கீழ் லீக். நாட்டலி நகாசே ஜப்பான்ல சைதாமா புரோங்கோஸ்ங்கிற ஆண்கள் டீமுக்கு ஹெட் கோச்சா இருந்தாங்க. எனக்கு வயிறு எரியிற கதை இவங்களோடது கூட இல்ல, லிண்ட்சே ஹார்டிங்கோடது. டியூக் காலேஜ்ல ஆடினவங்க, 2007 டபிள்யூ.என்.பி.ஏ டிராஃப்ட்ல முதல் ஆளா எடுக்கப்பட்டவங்க. 2023-24ல அதே கீழ் லீக்ல ஸ்டாக்டன் கிங்ஸ் ஹெட் கோச், அந்த சீசன் லீக்லயே சிறந்த கோச் அவார்டும் அவங்களுக்குத்தான். 2024 கோடைல லேக்கர்ஸ் புது ஹெட் கோச் தேடினாங்க, எடுத்தது ஜே.ஜே. ரெடிக்க. அவரும் டியூக்தான், கிட்டத்தட்ட அதே வருஷங்கள். அவர் கையில இருந்த கோச்சிங், தன் பையனோட சின்னப் பசங்க டீம், மத்தபடி டிவியும் பாட்காஸ்ட்டும். அதே கோடைல ஹார்டிங்கும் லேக்கர்ஸுக்கு வந்தாங்க. அவருக்கு அசிஸ்டன்ட்டா.

நியாயமாச் சொல்லணும்னா ரெடிக் முதல் சீசன்லயே 50 மேட்ச் ஜெயிச்சுக் காட்டினார், புத்திசாலி மனுஷன். ஒத்துக்கிறேன். ஒரு ஆளோட மூளைய நம்பி இறங்கினா பலன் வரும்னு லேக்கர்ஸுக்குத் தெரிஞ்சிருக்கு, அந்த நம்பிக்கைய வைக்கிறதுக்கு ஏன் எப்பவும் ஒரே மாதிரி ஆளாத் தேடுறாங்கன்னுதான் கேக்குறேன்.

இதுல நடக்குற இன்னொரு கூத்து, இந்தப் பெண்கள் காத்துக் காத்து பெண்கள் லீக் பக்கம் போயிடுறாங்க. ஹாமன் 2022ல லாஸ் வேகஸ் ஏசஸுக்குப் போனாங்க, அந்த வருஷமே கப், 2023ல கப், 2025ல மறுபடியும் கப். நகாசே ஏசஸ் பெஞ்ச்லேர்ந்து கோல்டன் ஸ்டேட் வால்கிரீஸ்ங்கிற பெண்கள் டீமுக்குப் போய் முதல் சீசன்லயே சிறந்த கோச் ஆனாங்க. அமெரிக்காவோட எம்ஐடி யுனிவர்சிட்டில பெண்கள் டீம வருஷக்கணக்கா வளத்து 2020ல மெம்ஃபிஸ் என்.பி.ஏ டீமுக்கு அசிஸ்டன்ட்டா வந்த சோனியா ராமன், இந்திய வம்சாவளி, பேரப் பாத்ததும் நமக்கு உள்ளுக்குள்ள ஒரு சந்தோஷம் வரும்ல, அவங்களும் இப்ப பெண்கள் லீக்ல சியாட்டில் ஸ்டார்ம் ஹெட் கோச். பெண்கள் லீக்குக்கு இது கொண்டாட்டம்தான். ஆனா நாளைக்கு ஏதாவது ஒரு என்.பி.ஏ முதலாளி, தகுதியான பெண் கோச் எங்க பெஞ்ச்ல யாரும் இல்லையேன்னு கைய விரிப்பார் பாருங்க, அப்ப யார் அவங்கள கிளம்ப வச்சதுன்னு கேக்க ஆள் இருக்காது.

முப்பது டீம் இருக்கு. வருஷா வருஷம் நாலஞ்சு கோச்ச வேலையவிட்டுத் தூக்குறாங்க, அதுல பல பேர கொஞ்ச நாள் கழிச்சு இன்னொரு டீம் தூசி தட்டி எடுத்துக்குது. அந்த வாசகருக்கு ஒரே ஒரு வேண்டுகோள், அடுத்த தடவை ஒரு புது ஹெட் கோச் பேர் அறிவிச்சா, அவர் அதுக்கு முன்னாடி எத்தனை சீசன் கோச்சிங் பண்ணியிருக்கார்னு தேடிப் பாத்துட்டு, அத ஹாமனோட எட்டுக்குப் பக்கத்துல எழுதி வச்சு, இதே பகுதிக்கு இன்னொரு கடிதம் போடுங்க சார். நான் படிக்கக் காத்திருக்கேன்.

இப்படிக்கு,
பெஞ்ச தேச்ச ஒரு வாசகன்